வரப்பில் கிடந்த நாற்று

எனக்குக் காபி பழக்கம் இல்லை. கும்பகோணத்தில் இருந்துகொண்டு காபி குடிக்காத ஒருவனை இந்த ஊர் ஆரம்பத்திலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். யாரும் சந்தேகப்படவில்லை. கை நடுங்கக் கூடாது என்பதற்காக விட்டேன். என் வேலை அப்படி. ஆனாலும் விசாரணைக் குழுவாக நீங்கள் மூவரும் எங்கள் மையத்துக்கு வந்த முதல் நாள், நல்ல கடையாகப் பார்த்து உங்களுக்குக் காபி வாங்கிவரச் சொன்னது நான்தான். அதை என் ஒத்துழைப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம்.

என் பெயர் அரவிந்தன். சொந்த ஊர் திருவாரூர்ப் பக்கம். இந்தக் கருத்தரிப்பு மையத்தில் கருவியலாளராக இருக்கிறேன். எம்ப்ரியாலஜிஸ்ட் என்ற வார்த்தை என் அம்மாவின் வாயில் இன்றுவரை நுழையவில்லை. கேட்பவர்களிடம், "ஆஸ்பத்திரியில லென்ஸ்ல பாக்குறான்" என்று சொல்லி வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேர் கண்ணாடி போட என்னைத் தேடி வந்தார்கள். அவர்களையும் நான் ஏமாற்றவில்லை. நல்ல கண் டாக்டராகப் பார்த்து அனுப்பி வைத்தேன். நான் உதவி செய்கிற ஆள் என்பது தெரியட்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கருவைக் கர்ப்பப்பையில் வைப்பது, பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத வேலை. ஆய்வகத்தில் வளர்ந்த கருவை மிக மெல்லிய குழாயில் ஒரு சொட்டுத் திரவத்தோடு நான் இழுத்துக்கொள்வேன். சொட்டுக்கு முன்னும் பின்னும் கடுகளவு காற்று. அதைப் பக்கத்து அறைக்கு ஏந்திக்கொண்டு போவேன். டாக்டர் ரோஹிணி ஸ்கேன் திரையைப் பார்த்தபடி குழாயை உள்ளே செலுத்தி, கர்ப்பப்பையின் மேல் சுவரில் முட்டாமல் கொஞ்சம் கீழேயே நிறுத்தி, மெதுவாக அழுத்துவார். திரையில் ஒரு வெள்ளைப் பொட்டு மின்னும். குடும்பத்தார் அதைத்தான் குழந்தை என்று நினைத்துக் கும்பிடுவார்கள். உண்மையில் அது நான் வைத்த காற்றுக்குமிழி. யாரிடமும் இதைச் சொன்னதில்லை. கும்பிடுகிறவர்களை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்?

பிறகு குழாயைத் திரும்ப வாங்கி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பேன். கரு குழாய்க்குள்ளேயே ஒட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடுவதும் உண்டு. வரவில்லை என்றால் "கிளியர்" என்று குரல் கொடுப்பேன். அந்த ஒரு சொல்லுக்கு அறையில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். மிராசுதார் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது.

இன்னொன்றும் உண்டு. கரு வைக்கும்போது பெண்ணின் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். அப்போதுதான் கர்ப்பப்பை நிமிர்ந்து, திரையில் தெளிவாகத் தெரியும். அதனால் எல்லோரும் தண்ணீர் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்பது ஆண்களுக்குப் புரிவதில்லை. சென்னை பஸ்ஸில் விழுப்புரம் தாண்டும்போது கொஞ்சம் புரியும்.

நான் சொல்லப்போகிற சம்பவம் நடந்தபோது எங்கள் மையத்துக்கு நல்ல காலம். குறுவை அறுப்பில் தொடங்கித் தாளடி நடவு வரைக்கும் நாங்கள் கரு வைத்த ஒருவருக்குக்கூடத் தவறவில்லை. பெரிய நகரங்களில் இருப்பவர்களே நம்ப மறுத்தார்கள். டாக்டர் ரோஹிணியைச் சென்னையில் ஒரு மாநாட்டில் பேச அழைத்திருந்தார்கள். இந்த வெற்றிக்குக் காரணம் தன் கைதான் என்று டாக்டர் நம்பினார். என் கைதான் என்று நான் நம்பினேன். நர்ஸ் ஹாஃபிஸா அல்லா என்று நம்பினார். யார் சொல்வது சரி என்று தெரிய ஒரே ஒரு தோல்வி வந்தால் போதும். மூவருமே அதை விரும்பவில்லை.

அந்த நேரத்தில்தான் மலர்க்கொடி வந்தார். குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கணவர் ராம்கி சிங்கப்பூரில் வேலை. லீவில் வந்தபோது சிகிச்சை எடுத்துக்கொண்டு, கருக்களை எங்கள் உறைநிலைத் தொட்டியில் வைத்துவிட்டு, சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். நல்ல காலம் தொடங்குவதற்கு முன் இரண்டு தடவை வைத்துத் தங்கவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அது தங்காவிட்டால் ராம்கிக்கு வேறு பெண் பார்ப்பதாக வீட்டில் பேச்சு இருந்தது என்று ஹாஃபிஸா சொன்னார். மலர்க்கொடிக்கும் அது தெரியும்.

கூட வந்தவர் மாமனார் சாரங்கபாணி. சட்டைப் பையில் அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து வைத்திருப்பார். கைக்கடிகாரம் ஐந்து நிமிஷம் வேகமாக ஓடும். ராகு காலம் தன்னைத் தெரியாமல் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக அவரே அப்படி வைத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் முடித்துவிடுவது என்று ஏற்பாடு. ஆனால் டாக்டர் ஒரு பிரசவத்தில் மாட்டிக்கொண்டார். அவர் கை கழுவிக்கொண்டு வரும்போது சாரங்கபாணி கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"டாக்டரம்மா, மன்னிக்கணும். பத்தரை ஆயிடுச்சு. ராகு காலம் பொறந்துடுச்சுங்க. பன்னெண்டு வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது."

"சார், அவங்க தண்ணி குடிச்சுட்டு அடக்கிக்கிட்டுப் படுத்திருக்காங்க."

"படுத்துத்தானேங்க இருக்கா, நிக்கலையே."

உள்ளேயிருந்து மலர்க்கொடியின் குரல் வந்தது. "மாமா, என்னால முடியல மாமா."

"பொறுத்துக்கம்மா. இத்தனை வருஷம் பொறுத்த, இன்னும் ஒண்ணரை மணி நேரம்."

"வருஷம்னா பொறுக்கலாம் மாமா. இதைப் பொறுக்க முடியாது."

ஹாஃபிஸா ஒரு வழி செய்தார். பாதி மட்டும் போய்விட்டு வரச் சொன்னார். பாதியில் எப்படி நிறுத்துவது என்று நீங்கள் வீட்டில் செய்துபார்த்தால் மலர்க்கொடி எப்படிப்பட்ட பெண் என்பது விளங்கும். அவர் நிறுத்தினார். கண்ணில் தண்ணீரோடு திரும்பி வந்து படுத்தார். இவர் நல்ல தாயாக இருப்பார் என்று அப்போதே நினைத்தேன்.

பன்னிரண்டு அடிக்கப்போகும்போது மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். உறைந்த கருவை உருக்கும்போது அது முதலில் சுருங்கும். பிறகு மெல்ல நீர் குடித்து விரியும். அதைக் காலையிலேயே உருக்கிவிட்டேன். இந்நேரம் விரிந்திருக்க வேண்டும். சுருண்டு கிடந்தது. அது பிழைக்கவில்லை.

டாக்டரிடம் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். யோசித்தேன். ஒரு பக்கம் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். வெளியே ஒரு பெரியவர் ராகு காலம் போய்விட்ட சந்தோஷத்தில் நிற்கிறார். சிங்கப்பூரில் ஒரு மனிதர் போனைக் கையில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார். இவர்களிடம் போய் உங்களுடையது போய்விட்டது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் இரக்கப்பட்டேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் பக்கத்தில் நடவு பார்த்திருக்கிறீர்களா? நாற்றங்காலில் பறித்த நாற்றைச் சிறு சிறு கட்டாக, முடி முடியாகக் கட்டிக் கொண்டுவந்து வயலில் வீசுவார்கள். நட்டது போக மிஞ்சிய முடிகளை வரப்பில் போட்டுவிடுவார்கள். விற்க மாட்டார்கள், திரும்ப எடுத்துப் போகவும் மாட்டார்கள். பக்கத்து வயலில் நாற்றுப் போதவில்லை என்றால் அவர் எடுத்து நட்டுக்கொள்வார். கேட்கக்கூட வேண்டாம். விளைந்த பிறகு இது என் நாற்று என்று யாரும் கதிரைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. யார் வயலில் விளைந்ததோ அவர் நெல். என் அப்பாவும் எடுத்திருக்கிறார், கொடுத்தும் இருக்கிறார். இதை யாரும் திருட்டு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் தொட்டியிலும் மிஞ்சிய நாற்று நிறைய இருந்தது. பிள்ளை பெற்றுக்கொண்டு போனவர்கள் விட்டுச் சென்றவை. கிடைத்ததை எடுத்து வைக்க நான் பொறுப்பில்லாதவன் அல்ல. நிறம், முகவாகு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். நாளைக்குக் குழந்தை அந்த வீட்டில் அந்நியமாகத் தெரியக் கூடாது. அதனால் அதே ஊரைச் சேர்ந்த ஒரு தம்பதியுடையதைத் தேர்ந்தெடுத்தேன். வைரக்கண்ணு, பூர்ணிமா. ஏற்கெனவே இரட்டைப் பிள்ளைகள். இனி வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள். மிச்சத்தைப் பற்றிக் கேட்டால் பிறகு சொல்கிறோம் என்பார்கள். ஒரே ஊர், ஒரே தண்ணீர். பக்கத்து வயல் நாற்றுதான் சீக்கிரம் வேர் பிடிக்கும் என்று நினைத்தேன். அந்த இரண்டு வீட்டு வயலும் உண்மையிலேயே பக்கத்துப் பக்கத்து வயல் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

உருக்குவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது. வெளியே போய்ச் சாரங்கபாணியிடம், "சுக்கிர ஹோரை எத்தனை மணிக்கு சார்?" என்று மட்டும் கேட்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் தாளை எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது. பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை சூரிய ஹோரை, பிள்ளை முன்கோபக்காரனாகப் போய்விடும், ஒரு மணிக்குச் சுக்கிரன் என்று அவரே போய் டாக்டரிடம் கெஞ்சினார். டாக்டர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மலர்க்கொடியை முழுதாகவே போய்விட்டு வரச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து தண்ணீர் குடிக்க வைத்தார்கள்.

ஒரு மணிக்கு எல்லாம் தயார். பெயரை இருவர் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. நான் தட்டில் மலர்க்கொடி என்று எழுதினேன். ஹாஃபிஸா மலர்க்கொடி என்று படித்தார். மலர்க்கொடி தன் பெயரை மலர்க்கொடி என்று சொன்னார். மூன்றும் பொருந்தின. ஹாஃபிஸா மேல் எந்தத் தப்பும் இல்லை, எழுதியிருந்ததைப் படித்தார். திரையில் என் காற்றுக்குமிழி மின்னியது. கதவிடுக்கில் நின்று பார்த்த சாரங்கபாணி கும்பிட்டார். நான் "கிளியர்" என்றேன்.

தங்கியது. டாக்டர் மாநாட்டில் பேசிக் கைத்தட்டல் வாங்கி வந்தார். சாரங்கபாணி பெட்டி பெட்டியாக இனிப்புக் கொண்டுவந்து, "எல்லாம் சுக்கிர ஹோரைங்க" என்று எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு. பெண் குழந்தை பிறந்தது. பிரகதாம்பாள் என்று பெயர் வைத்தார்கள்; ராம்கி செல்லமாக பிரகா என்று போனில் கூப்பிடுவாராம். கணவர் சிங்கப்பூரில், கரு கும்பகோணத்தில், பிள்ளை குடவாசலில். விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்துவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

சிக்கல் காலில் வந்தது. நான் கருவைப் பார்க்கிறவன். அதற்குக் கால் இருக்காது. வைரக்கண்ணு வகையறாவில் பரம்பரையாக வலது காலில் இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் பாதி தூரம் ஒட்டியிருக்குமாம். ஊரில் அவர்கள் வீட்டுக்குப் பெயரே வாத்துக்கால் வீடு. தபால்காரர்கூட அப்படிச் சொன்னால்தான் கடிதம் கொடுப்பாராம். இது எனக்கு எப்படித் தெரியும்? பொருத்தம் பார்க்காமல், முகம் தெரியாத வேற்றூர்க்காரருடையதை எடுத்து வைத்திருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. பொருத்தம் பார்த்து அக்கறையாகச் செய்ததுதான் வினையாகிவிட்டது.

குழந்தைக்குத் தண்டை போட வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே கீழே வைத்தாராம். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதுவும் எந்த வீடு? சாரங்கபாணி வீட்டுக்கும் வாத்துக்கால் வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு வயலுக்கும் நடுவே ஒரு வரப்பு. ஒவ்வொரு நடவுக்கும் இவர் தன் பக்கத்திலிருந்து மண்வெட்டியால் கொஞ்சம் செதுக்குவார், அவர் அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் செதுக்குவார். வரப்பு மெலிந்து மெலிந்து, நண்டு நடந்தால் தடுமாறும் அளவுக்கு வந்துவிட்டது. வழக்கு திருவாரூர்க் கோர்ட்டில் நடக்கிறது. அந்த வரப்பைத் தாண்டி மலர்க்கொடி போனதாக ஊர் பேசியது.

சாரங்கபாணி என்னைத் தேடி வந்தார். காலண்டர் தாள் இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான்.

"தம்பி, நீங்க படிச்சவங்க. ஊசி மருந்துனால இப்படி வெரல் ஒட்டுமா?"

"ஒட்டலாங்க. சில சமயம் தண்ணியினாலகூட."

"எந்தத் தண்ணி?"

"டெல்டா தண்ணிதாங்க. உப்பு ஏறிக்கிட்டு வருதுல்ல."

அவர், "அப்ப வாத்துக்கால் வீட்டுக்காரங்க அந்தக் காலத்துலேயே உப்புத் தண்ணி குடிச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். எனக்கு அது நெருடியது. பொய் சொன்னதற்காக அல்ல. இன்னும் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

ராம்கி சிங்கப்பூரிலிருந்து வந்தார். குழந்தைக்கும் தனக்கும் மரபணுப் பரிசோதனை செய்தார். பொருந்தவில்லை. மலர்க்கொடியைக் குழந்தையோடு நீடாமங்கலத்தில் அவர் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வாத்துக்கால் வீட்டிலும் அமைதி இல்லை. வைரக்கண்ணு ஐயனார் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். பூர்ணிமா அதை நம்பாமல் அவருக்குச் சமைப்பதை நிறுத்திவிட்டார். அவர் வரப்பில் உட்கார்ந்து பரோட்டா தின்றதைச் சாரங்கபாணியே கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். இதெல்லாம் ஹாஃபிஸா மூலமாக எனக்கு வந்துகொண்டிருந்தது.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே என்று முதல் நாளே கேட்டீர்கள். நிதானமாக யோசித்துத்தான் திறக்காமல் இருந்தேன். அப்பா இவர் இல்லை என்றுதான் பரிசோதனை சொல்கிறது. அப்படிச் சொன்னால் ஊர் மனைவியைத்தான் கேட்கும், ஆய்வகத்தைக் கேட்காது. கொஞ்ச நாள் போனால் ஆறிவிடும். ராம்கி நல்லவர், மன்னித்துவிடுவார். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கிடைத்தால் அதுவும் மன்னிப்புதானே. அந்த நாட்களில் நான் நன்றாகத்தான் தூங்கினேன். மறைக்க எதுவும் இல்லை.

நான் கணக்கில் வைக்காமல் விட்டது மலர்க்கொடியைத்தான். பிறந்த வீட்டுப் பெரியவர்களும் புகுந்த வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசிய இடத்தில் அவர் எழுந்து நின்று, "அவரு ரத்தம் இல்லைன்னு சொல்லிட்டீங்க. என் ரத்தத்தையும் எடுங்க. எனக்காவது பொறந்துச்சான்னு பாத்துடலாம்" என்றாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பத்து மாதம் சுமந்து பெற்றவள் தானே தாயா என்று பார்க்கச் சொன்னால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? ராம்கி மட்டும் சிரிக்கவில்லை. கூட்டிக்கொண்டு போனார்.

குழந்தை மலர்க்கொடியுடையதும் இல்லை என்று முடிவு வந்தது. அடுத்தவனோடு போய்ப் பிள்ளை பெற்றாள் என்று ஒரு பெண்ணைச் சொல்லலாம். அடுத்தவளுடைய பிள்ளையைப் பெற்றாள் என்று அவளைக் குற்றம் சொல்ல எந்த ஊராலும் முடியாது. சாரங்கபாணி மருமகளின் காலில் விழுந்தார் என்று கேள்விப்பட்டேன். எந்த நேரத்தில் விழுந்தார் என்பது தெரியவில்லை.

மறுநாள் மலர்க்கொடி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். டாக்டர் லீவு. ஹாஃபிஸா கதவுக்குப் பக்கத்தில் நின்றார். குழந்தை என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. நல்ல ஆரோக்கியம். நான் தேர்ந்தெடுத்தது வீண்போகவில்லை என்று தோன்றியது.

"எப்படி சார் உங்களைக் கண்டுபுடிச்சேன்னு கேக்க மாட்டீங்களா?"

"சொல்லுங்கம்மா."

"தப்பு என்கிட்ட இல்ல. அவர்கிட்டயும் இல்ல. அப்புறம் ஒரே எடம்தானே இருக்கு."

நான் ஒளிக்கவில்லை. உட்காரச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். அவரும் விவசாயக் குடும்பம் என்பதால் நாற்றங்கால், நாற்றுமுடி, வரப்பு எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை தலையைக்கூட ஆட்டினார். புரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

"நாத்தைக் கேக்க வேண்டாம் சார். வயலையும் கேக்க வேண்டாம். ஆனா நான் வயல் இல்லையே. அந்தப் பூர்ணிமாவும் நாத்தங்கால் இல்ல. எங்களுக்கு வாய் இருக்குல்ல. கேட்டிருக்கலாம்ல?"

நான் குழந்தையின் வாயிலிருந்து என் அட்டையை மெல்ல எடுத்தேன்.

"கேட்டிருந்தா நான் சரின்னுகூடச் சொல்லியிருப்பேன். அன்னிக்கு நான் இருந்த நெலமைக்கு யாரோடதா இருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்." பிறகு குழந்தையை மடியில் திருப்பி வைத்துக்கொண்டார். "என்னோடது என்ன சார் ஆச்சு?"

"அது பிழைக்கலைம்மா. காலையிலேயே போயிடுச்சு."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அழுதார். குழந்தையும் அழுதது. ஹாஃபிஸா இருவரையும் வெளியே அழைத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து ஹாஃபிஸா என்னோடு பேசுவதில்லை. அவர் எதை நினைத்து வருத்தப்படுகிறார் என்பது எனக்குப் புரியவில்லை.

அதன் பிறகுதான் புகார், நீங்கள், எல்லாம். இப்போது குழந்தை யாருக்கு என்பதைக் கோர்ட் முடிவு செய்யப்போகிறது. வழக்குக்குப் போன அன்று கோர்ட் தாழ்வாரத்தில் இரு குடும்பமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பூர்ணிமா குழந்தையின் காலை மடியில் வைத்துக்கொண்டு ஒட்டிய விரலைத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்கவில்லை. குழந்தையின் தலை மலர்க்கொடியின் மடியில் இருந்தது. அவரும் பிடியை விடவில்லை. ஆண்கள் இருவரும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் யாரும் வரப்பைச் செதுக்கவில்லையாம். என்னால் அந்த ஊருக்கு ஒரு நல்லதும் நடந்திருக்கிறது.

பிரகாவைத் தூக்கிக் கொடுக்க வேண்டி வந்துவிடுமோ என்று மலர்க்கொடி தூங்குவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவருக்கு வேறு பிள்ளை கிடையாது. இருந்த கடைசிக் கருவும் போய்விட்டது. நேற்று நீங்கள் எல்லாக் கேள்விகளையும் முடித்துவிட்டு, மலர்க்கொடி கேட்கச் சொன்னதாக ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். என்னோடது நிஜமாகவே செத்துத்தான் போனதா என்று. பிழைக்கவில்லை என்று நேற்றும் சொன்னேன்.

அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள விரும்புகிறேன். பிழைக்கவில்லை என்பது என் கணிப்பு. பன்னிரண்டு மணிக்கு அது சுருண்டு கிடந்தது உண்மை. மந்தமாக இருந்தது என்று சொல்வதுதான் சரி. இன்னும் ஒரு மணி நேரம் பார்த்திருக்கலாம் என்பதும் உண்மை. சாரங்கபாணி புண்ணியத்தில் அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கிடைக்கவும் செய்தது. ஆனால் அந்த வருஷம் நாங்கள் இருந்த நிலையில், மந்தமான ஒன்றை வைத்துத் தோற்பது யாருக்கும் நல்லதில்லை. மலர்க்கொடிக்கும் நல்லதில்லை. அவருக்கு ஒரு குழந்தை நிச்சயம் வேண்டும் என்றுதான் நினைத்தேன். டாக்டரின் மாநாடு அடுத்த வாரம் என்பது தற்செயல்.

மதியம் எல்லோரும் போன பிறகு, தட்டுகளை ஒழிப்பதற்கு முன் ஒரு பழக்கத்துக்காக அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். விரிந்திருந்தது. முழுதாக, வட்டமாக, உள்ளே செல்கள் தெளிவாகக் கூட்டமாகத் தெரிந்தன. மேல் உறையைக் கிழித்துக்கொண்டு ஓர் ஓரமாக வெளியே வரத் தொடங்கியிருந்தது. அந்த வருஷம் என் கைக்கு வந்ததிலேயே அதுதான் அழகு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி உறைய வைத்திருக்கலாம். அதற்கு வேண்டிய எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன, எனக்கும் அவசரம் இல்லை. ஆனால் உறைய வைத்தால் மேலே ஒரு பெயர் எழுத வேண்டும். மலர்க்கொடி என்ற பெயரைத்தான் நான் ஏற்கெனவே வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டேனே. பெயர் இல்லாத ஒன்றை நான் எங்கே வைப்பது? கழிவுத் தொட்டியில் போட்டேன். கை நடுங்கவில்லை.